தெற்கில் சுவரில்லாத பள்ளி

பாரிஸ்
9 மார்ச் 1931

அன்புள்ள ஒதீல்,

அர்மோன்வில் நகரசபை நம் பள்ளிக்கு ஒப்புக்கொண்டது. இந்நேரம் ஊரே உனக்குச் சொல்லியிருக்கும். ஆனாலும் என் வாயால் நீ கேட்க வேண்டும். கூட்டத்துக்கு வராதே என்று சொன்னதில் உனக்குக் கோபம், தெரியும். பள்ளியை நடத்தப்போகிறவள் தங்கை, கட்டப்போகிறவன் அண்ணன் என்று ஏற்கெனவே முணுமுணுக்கிறார்கள். நீயும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால் காரியம் கெட்டிருக்கும்.

வரைபடத்தை விரித்ததும் ரொட்டிக்கடை லெமேர் எழுந்தார். "தெக்குப் பக்கம் சுவரே காணோமே! டீச்சரம்மா கரும்பலகையை எங்க மாட்டுவாங்க? மேகத்துலயா?" என்றார். மேயர் பொல்லே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் என் காகிதங்களைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டேன். அப்போதுதான் டாக்டர் கஸ்தேல் வாயைத் திறந்தார். "இந்த ஊர்ல பாதிப் பிள்ளைங்களுக்கு நெஞ்சு சரியில்ல. எங்கிட்ட மருந்து இல்லை. வெயிலும் காத்தும்தான் இருக்கு. அதை உள்ள விடற மாதிரி ஒருத்தர் கட்டிக் குடுக்கறேங்கறார். சிரிக்காம கேளுங்கய்யா." அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

நெஞ்சு சரியில்லாத பிள்ளைகளுக்கென்றே நான்கு வகுப்பறைகள், ஒரே வரிசை; மதியம் படுத்து ஓய்வெடுக்க ஒவ்வொன்றிலும் சின்னப் படுக்கைகள். தெற்கு முகம் முழுவதும் இரும்பும் கண்ணாடியுமான மடக்குக் கதவுகள். மடக்கி ஒதுக்கிவிட்டால் அறைக்கும் புல்லுக்கும் நடுவே ஒன்றும் இராது. கூரை தட்டையாக இருக்கும். பிள்ளைகள் மேலே படுத்து வெயில் காயலாம். தூசி தங்காமலிருக்க மூலைகளையெல்லாம் வளைத்துவிட்டேன்.

நம்மோடு பிறந்த ரெமி நெஞ்சுநோயில் கடைசிவரை கிடந்த அறைக்கு ஒரே ஒரு சன்னல். அதுவும் நெசவாலையின் சுவரைப் பார்த்தது. நான் பென்சிலைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்த அறையைத்தான் இடித்துக்கொண்டிருக்கிறேன் போலிருக்கிறது.

ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: என் கையெழுத்தில்லாமல் கட்டடத்தில் எதையும் மாற்றக்கூடாது. சென்ற வருடம் வெர்சாய் பக்கம் நான் கட்டிய வீட்டின் தலையில் ஓட்டுக்கூரை வைத்து, அதன் மேல் ஒரு சேவல் பொம்மையையும் நட்டுவிட்டார்கள். இனி அப்படி நடக்க விடமாட்டேன்.

உன் அண்ணன்,
பஸ்தியான்


அர்மோன்வில்
15 மார்ச் 1931

அன்புள்ள அண்ணா,

கோபமெல்லாம் வடிந்துவிட்டது. உன் வரைபடத்தை டாக்டர் கொண்டுவந்து காட்டினார். ரொம்ப அழகு. மனதாரச் சொல்கிறேன். அதில் நீ வரைந்திருக்கிற பிள்ளைகள்தான் எனக்குப் புரியவில்லை. எல்லாரும் கையை விரித்துக்கொண்டு சூரியனைப் பார்த்து நிற்கிறார்கள். மூக்கு ஒழுகுகிறவன் ஒருத்தன்கூட இல்லை. இந்த மாதிரிப் பிள்ளைகளை நீ எங்கே பார்த்தாய்?

இரண்டு விஷயம் கேட்கவேண்டும். இங்கே குளிர்காலத்தில் காற்று பீட்ரூட் வயல்களைத் தாண்டி, நீ சுவர் வைக்காத பக்கமாகத்தான் வரும். அந்தக் கதவுகளை யார் இழுத்து மூடுவது? நானும் ஆயா துப்ரீ அம்மாவும் மட்டும்தான் இருப்போம். அவளுக்கோ இடுப்பு வலி. இரண்டாவது, ஒரு வகுப்பிலாவது ஒதுங்கி உட்கார ஒரு மூலை வை. உடம்பு முடியாத பிள்ளைக்கு நாலு பேர் பார்வையில் படாமல் இருக்க ஓர் இடம் வேண்டும்.

ஓட்டுக்கூரைச் சேவலை நினைத்து நன்றாகச் சிரித்தேன். அந்த வீட்டுக்காரி பாவம், மழை ஒழுகியிருக்கும்.

ஒதீல்


அர்மோன்வில்
4 டிசம்பர் 1932

அன்புள்ள அண்ணா,

மூலையும் வைக்கவில்லை, கதவைப் பற்றி நான் கேட்டதற்குப் பதிலும் எழுதவில்லை. போகட்டும். நல்லதை முதலில் சொல்கிறேன்.

செப்டம்பரிலும் அக்டோபரிலும் நீ இங்கே இருந்திருக்க வேண்டும். பாடம் நடத்தும்போது குருவி உள்ளே வந்து மேசைமேல் உட்காரும். சாப்பாட்டைப் பார்த்தாலே அழும் பிள்ளைகள் இரண்டாவது தட்டு சூப் கேட்டார்கள். ஜினெத் என்று ஒரு பெண், ஆறு வயது, சுரங்கத்தில் செத்துப்போன ஒருவருடைய மகள். வந்த புதிதில் ஒரு நாற்காலியை நகர்த்தினாலே இருமத் தொடங்கிவிடுவாள். அவள் புல்லில் உருண்டதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

பிறகு உறைபனி வந்தது. உன் கதவுகளின் தண்டவாளத்தில் ஈரம் உறைந்து இறுகிவிட்டது. காலையில் டாக்டர் சொன்னபடி திறந்தோம். பத்து மணிக்குக் காற்று திரும்பியதும் மூட முடியவில்லை. துப்ரீ அம்மா கெட்டில் கெட்டிலாகக் கொதிநீர் ஊற்றினாள். "இதென்ன கதவா, கப்பலா?" என்று கத்தினாள். அந்த வாரத்தில் ஐந்து பிள்ளைகளுக்குக் காய்ச்சல். ஜினெத்துக்கு அதிகம்.

அதனால் தச்சரைக் கூப்பிட்டு மூன்றாம் வகுப்பின் தெற்கில் பாதிக்கு மரத்தட்டி அடித்துவிட்டேன். கேட்டால் நீ விடமாட்டாய் என்று தெரியும். அதனால் அடித்து முடித்த பிறகு எழுதுகிறேன்.

ஒதீல்


பாரிஸ்
11 டிசம்பர் 1932

ஒதீல்,

மரத்தட்டியா? கோழிக்கூண்டுக்கு அடிப்பதுபோல் என் கட்டடத்துக்கு அடித்தாயா?

வசந்தத்தில் ஹாலந்திலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் கட்டடக் கலைஞர்கள் இதைப் பார்க்க வருகிறார்கள். பிரான்சில் இப்படி ஒரு பள்ளி இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு நான் எதைக் காட்டுவது? ஆணியும் பலகையுமா? தண்டவாளம் உறைந்தால் எண்ணெய் போட வேண்டும். கதவு திறந்திருந்தால் பிள்ளைகள் கம்பளி போர்த்த வேண்டும். காய்ச்சல் மூடிய வீட்டிலும் வரும், அது உனக்கும் எனக்கும் நன்றாகவே தெரியும். ஒரு குளிர்காலம்கூடப் பொறுக்கவில்லை நீ. ஊரில் எல்லாரும் சிரித்தபோது சிரிக்காதவள் நீ ஒருத்தி என்று நினைத்திருந்தேன்.

புதுவருடத்துக்குள் அதை எடுத்துவிடு.

பஸ்தியான்


அர்மோன்வில்
3 ஜனவரி 1933

அண்ணா,

எடுக்கவில்லை.

கட்டடம் திறந்த நாளுக்குப் பிறகு நீ இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. குளிர்காலத்தில் ஒருமுறைகூட வந்ததில்லை. எண்ணெய் போடச் சொல்கிறாய். போட்டுப் பார்த்தோம். கம்பளி போர்த்தச் சொல்கிறாய். போர்த்திய கம்பளிக்குள்ளிருந்து ஒரு கையை வெளியே நீட்டி எழுதிப் பார், தெரியும்.

எல்லாவற்றையும் ரெமிக்காகக் கட்டுகிறேன் என்று சொல்கிறாய். பத்திரிகையிலும் சொல்லியிருக்கிறாய், படித்தேன். ரெமி கிடந்தபோது நீ லீல் நகரத்தில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். டாக்டர் வந்து அந்த ஒற்றைச் சன்னலைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டுப் போவார். அவர் போனதும் ரெமி என்னிடம், "சாத்திடு ஒதீல், குளிருது, டாக்டர்கிட்ட சொல்லாதே" என்பான். நான் சாத்திவிடுவேன். சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அவன் கேட்டான். நீ அவனுக்காக இத்தனை சன்னல் திறக்கிறாய், அவன் என்ன கேட்டான் என்று என்னிடம் நீ ஒருநாளும் விசாரித்ததில்லை.

ஒதீல்


பாரிஸ்
7 ஜனவரி 1933

ஒதீல்,

ரெமியைக் கொண்டுவந்து என் முகத்தில் அடித்திருக்க வேண்டாம்.

மேயருக்கு எழுதிவிட்டேன். உன் அண்ணனாக அல்ல, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவனாக.

பஸ்தியான்


அர்மோன்வில்
20 பிப்ரவரி 1933

மதிப்பிற்குரிய கட்டடக் கலைஞர் பஸ்தியான் தெல்கூர் அவர்களுக்கு,

நகரசபையின் உத்தரவுப்படி மூன்றாம் வகுப்பிலிருந்த மரத்தட்டி சென்ற வாரம் அகற்றப்பட்டது என்பதைத் தங்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். ஆணி அடித்த துளைகளைப் பூசி, வெள்ளை அடித்தாயிற்று. பார்வையாளர்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

கடும்பனி நாட்களில் பள்ளி மூடப்படுகிறது. பிள்ளைகள் அவரவர் வீட்டில் இருக்கிறார்கள். ஜினெத் என்ற மாணவி கடலோரக் காசநோய் விடுதிக்கு அனுப்பப்பட்டிருக்கிறாள். இது மரத்தட்டியை எடுத்ததால் என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இனித் தங்களுக்குத் தெரிவிக்க வேண்டியவை நகரசபை வழியாக வரும்.

ஒ. தெல்கூர்
தலைமை ஆசிரியை


பாரிஸ்
10 பிப்ரவரி 1935

அன்புள்ள ஒதீல்,

கிறிஸ்துமஸுக்கு எழுதியதற்கும், அதற்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு எழுதியதற்கும் நீ பதில் போடவில்லை. இதையாவது கிழிக்காமல் கடைசிவரை படி.

என் அலுவலகத்தை மூடிவிட்டேன். யாரும் எதுவும் கட்டுவதில்லை. வரைபவர்களை ஒவ்வொருவராக அனுப்பிவிட்டேன். போன வருடம் முழுக்க நான் செய்தது ஒரு மதுக்கடையின் முகப்பு மட்டும். கடைக்காரர், "எழுத்து நல்லா பெரிசா இருக்கணும், மத்ததெல்லாம் உங்க இஷ்டம்" என்றார். கையில் நேரம் நிறைய இருந்ததால் சென்ற செவ்வாய்க்கிழமை ரயிலேறி அர்மோன்வில்லுக்கு வந்தேன். நீ அன்று டாக்டரோடு லீலுக்குப் போயிருந்தாய்.

நல்ல பனி. வாசலில் துப்ரீ அம்மா நின்றிருந்தாள். என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. தொப்பியிலிருந்து காலணிவரை பார்த்துவிட்டு, "கதவு ரிப்பேருக்கு வந்த ஆளா? எப்ப சொன்னது, எப்ப வர்றீங்க!" என்றாள். நான் இல்லை என்று சொல்வதற்குள் என் முழங்கையைப் பிடித்து மூன்றாம் வகுப்புக்கு இழுத்துப் போய்விட்டாள். கதவு பாதியில் நின்றிருந்தது. பிள்ளைகள் படுக்கைகளையெல்லாம் உட்சுவரோடு நெருக்கிப் போட்டுக்கொண்டு, கம்பளிக்கு மேலே கண்ணை மட்டும் வைத்து என்னைப் பார்த்தார்கள்.

தள்ளினேன். நகரவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டுத் தள்ளினேன். உள்ளங்கைத் தோல் இரும்போடு ஒட்டிக்கொண்டது.

"நல்லா தள்ளுங்க! காலைல ஒண்ணும் சாப்பிடலையா?"

"இது ரொம்ப கனமா இருக்கேம்மா."

"எங்கிட்ட சொல்றீங்களே! கட்டினவன் பாரிஸ்ல கணப்புப் பக்கத்துல உக்காந்திருக்கான், அவங்கிட்ட போய்ச் சொல்லுங்க."

ஒரு பையன் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. கருவிப்பை ரயிலடியில் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, நேரே ரயிலேறிவிட்டேன்.

இத்துடன் ஒரு வரைபடம் வைத்திருக்கிறேன். தெற்கு முழுவதும் செங்கல் சுவர், நடுவில் நல்ல அகலமான சன்னல்கள், ஒவ்வொரு வகுப்பிலும் கணப்பு. நகரசபை ஒப்புக்கொண்டால் நான் கையெழுத்துப் போடுகிறேன். எல்லாவற்றையும் மூடிவிடலாம்.

பஸ்தியான்


அர்மோன்வில்
17 பிப்ரவரி 1935

அண்ணா,

துப்ரீ அம்மா என்னிடம் சொன்னது இது: "ஒரு ரிப்பேர்காரன் வந்தான். நல்ல கோட்டு, ஒண்ணுக்கும் உதவாதவன். போனவன் போனவன்தான்." நீதான் அது என்று நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்தது. பிறகு உன் கையை நினைத்தேன். வெண்ணெய் தடவினாயா?

இப்போது கவனமாகக் கேள். உன் செங்கல் சுவர் எனக்கு வேண்டாம்.

உனக்கு எல்லாமே இப்படித்தான். திறந்தால் முழுக்கத் திறக்க வேண்டும், மூடினால் முழுக்க மூட வேண்டும். நான் உன்னிடம் சுவர் கேட்டேனா? மே மாதத்திலிருந்து அக்டோபர்வரை இந்த இடம் என்ன தெரியுமா? வழக்கமான பள்ளிக்கு மாற்றினால் பிள்ளைகள் அழுகிறார்கள். ஜினெத் கடற்கரையிலிருந்து திரும்பி வந்துவிட்டாள். அவள் அம்மா வேறெங்கும் சேர்க்கமாட்டேன் என்று இங்கேதான் கொண்டுவந்து விட்டாள். உன் கட்டடம் தப்பு என்று நான் எப்போதும் சொல்லவில்லை. ஒரு நாளை எப்படிக் கழிப்பது என்று அது எங்களைக் கேட்பதில்லை. அதுதான் அதனிடம் எனக்குள்ள குறை.

இன்னொன்று. கல்வித்துறையிலிருந்து வந்த ஆய்வாளர் பள்ளியை மூடச் சொல்லி அறிக்கை கொடுத்துவிட்டார். செங்கல் வைத்து அடைத்து நகரசபைக் கிடங்காக்கலாம் என்கிறார்களாம். நீ அனுப்பிய வரைபடம் அவர்கள் கண்ணில் பட்டால் ரொம்ப வசதியாகிவிடும். அதை நான் அடுப்பில் போட்டுவிட்டேன், மன்னித்துக்கொள்.

ஏப்ரலில் கூட்டம். நீ வா. வந்து, இந்தப் பள்ளி ஏன் இருக்க வேண்டும் என்று பேசு. அது உனக்கு நன்றாக வரும். ஆனால் ஒன்று கேட்பார்கள்: இனி எங்கள் இஷ்டப்படி மாற்றிக்கொள்ள உரிமை தருவாயா என்று. என்ன பதில் சொல்வாய் என்று முடிவெடுத்துக்கொண்டு வா. இல்லையென்றால் வராதே.

ஒதீல்


பாரிஸ்
28 ஏப்ரல் 1935

அன்புள்ள ஒதீல்,

பள்ளியை மூடுவதில்லை என்று முடிவாகி, கூட்டம் கலைந்து உன்னோடு ரயிலடிவரை நடந்தபோது நாம் ரயில் நேரத்தைப் பற்றி மட்டுமே பேசினோம். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

மேயர் பொல்லே, மாற்றும் உரிமையை உங்களுக்கே விட்டுத்தரும் அந்தக் காகிதத்தை என் முன்னே நகர்த்தி, "போடறீங்களா, இல்லையா?" என்று கேட்டபோது நான் அதன் ஒவ்வொரு வரியையும் திரும்பத் திரும்பப் படித்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. தொப்பியில் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாய். நான் அதுவரை கட்டியது பதினோரு கட்டடம். பத்தை ஆளாளுக்குக் கை வைத்து மாற்றிவிட்டார்கள். நான் வரைந்தபடியே நின்றது இது ஒன்றுதான். பிறகு டாக்டர் மெதுவாக, "தம்பி, பேனா வேணுமா?" என்றார். போட்டுவிட்டேன்.

பெருமைப்படாதே. எனக்கு வலித்தது, இன்னும் வலிக்கிறது. ஹாலந்துப் பத்திரிகை, மாற்றம் செய்த கட்டடத்தைப் பற்றி எழுதுவதற்கில்லை என்று சொல்லிவிட்டது.

ஆனால் அன்றிரவிலிருந்து வரைந்துகொண்டேயிருக்கிறேன். இரும்புக் கதவுகளுக்கு உள்பக்கம் மெல்லிய மரத்தட்டிகள். மேலே தொங்கும், தரையில் தண்டவாளமே கிடையாது, உறைவதற்கு ஒன்றும் இல்லை. தோட்டத்தைப் பார்த்து அங்கங்கே ஒரு பலகையகலம் மட்டும் திறக்கலாம், இரண்டு தட்டிகளை மடித்து ஒரு பிள்ளை உட்கார மூலை செய்துகொள்ளலாம். ஒரு சின்னக் கைக்கு நகர வேண்டும் என்று சக்கரங்களை மூன்று தரம் மாற்றிவிட்டேன். தச்சருக்கு அனுப்பிவிட்டேன். அவர் எதையாவது மாற்றச் சொன்னால் என்னைக் கேட்க வேண்டியதில்லை, உன்னைக் கேட்கட்டும்.

பார்க்க அவ்வளவு நன்றாக இருக்காது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

உன் அண்ணன்,
பஸ்தியான்


அர்மோன்வில், உன் பள்ளிக்கூடத்திலிருந்து
17 நவம்பர் 1936

அன்புள்ள ஒதீல்,

உன் அறுவைசிகிச்சை நல்லபடி முடிந்தது என்று டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரியில் பார்வையாளர்களை ஞாயிற்றுக்கிழமைதான் விடுவார்களாம். அதனால் ரயிலை மாற்றி நேரே இங்கே வந்தேன். உன் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பள்ளி நன்றாக நடக்கிறது. உனக்குப் பதிலாக வந்திருக்கும் பெண் கெட்டிக்காரி. துப்ரீ அம்மாவுக்கு இப்போது நான் யாரென்று தெரியும். அதனால் அதிகமாகத் திட்டுகிறாள்.

என்னோடு பாரிஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் புதிதாக ஒரு பள்ளி கட்ட நினைக்கும் மேயர், இன்னொருவர் அவருடைய பொறியாளர். எனக்கு மூன்று வருடத்தில் வரும் முதல் பெரிய வேலை அது. மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. நல்ல குளிர், ஆனால் வெயில் இருந்தது. மூன்றாம் வகுப்பு முழுக்கத் திறந்து கிடந்தது. நான் புல்லில் நின்று, கையை விரித்து, காற்று எப்படி உள்ளே போகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். நான் பேசும்போது எப்படி இருப்பேன் என்று உனக்குத் தெரியும்.

உள்ளே படுத்திருந்த ஒரு பெண் எழுந்து வந்தாள். பத்து வயது இருக்கும், சிவப்புக் கம்பளித் தொப்பி, இடது கன்னத்தில் ஒரு மச்சம். என்னை உற்றுப் பார்த்தாள்.

"இது தூங்கற நேரம்," என்றாள்.

"ஒரு நிமிஷம்மா. இவங்க தூரத்துலேருந்து வந்திருக்காங்க."

"நீங்க யாரு?"

"இதைக் கட்டினவன்."

அவள் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அப்படின்னா உங்களுக்கே தெரியணுமே," என்றாள். தட்டியைப் பிடித்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்துக்கொண்டே போனாள். கடைசியில் ஒரு பலகையகல இடைவெளி இருந்தது. அதன் வழியாக எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு அதையும் சாத்திவிட்டாள்.

நாங்கள் மூன்று பேரும் ஒரு பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் ஐந்து வருடமாகத் திறந்து வைக்கப் போராடிய பக்கம். பொறியாளர் இருமினார். மேயர் என்னைப் பார்த்து, "எனக்கும் இதே மாதிரி வேணும்," என்றார். எதைச் சொல்கிறார் என்று கேட்டேன். "இதான், இந்தத் தட்டி," என்றார்.

பள்ளி மணி அடிக்கும்வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். குளிரில் பல் தந்தியடித்தது. துப்ரீ அம்மா சிக்கரி காப்பி கொண்டுவந்து கொடுத்தாள், சர்க்கரை இல்லாமல்.

சீக்கிரம் குணமாகு.

பஸ்தியான்


லீல், ஆஸ்பத்திரி
19 நவம்பர் 1936

அண்ணா,

சிரிக்கக்கூடாது, தையல் பிரிந்துவிடும் என்று கன்னிகாஸ்திரீ திட்டுகிறாள். உன் கடிதத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டு பிறகு அவளே படித்துச் சிரித்தாள்.

மேயர் வேலை கொடுத்தாரா இல்லையா என்று நீ எழுதவில்லை. கொடுத்திருப்பார். அதை ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்.

இப்போது எனக்கு ஒரு விஷயம் உடனே தெரிய வேண்டும். சிவப்புத் தொப்பி, இடது கன்னத்தில் மச்சம் என்றால் அது ஜினெத். அந்தத் தட்டியை அந்தக் கோடிவரை அவள் தனியாகவா இழுத்தாள்? யாரும் கைகொடுக்கவில்லையா? சாத்திய பிறகு உள்ளே இருமல் சத்தம் கேட்டதா? நீ பலகைக்குப் பக்கத்தில்தானே நின்றாய், கேட்டிருக்கும். பொறியாளர் இருமினதையெல்லாம் எழுதியிருக்கிறாய், இதை எழுதவில்லை. ஞாயிறுவரை என்னால் காத்திருக்க முடியாது.

ஒதீல்


தந்தி
அர்மோன்வில், 20 நவம்பர் 1936

தனியாகத்தான் இழுத்தாள். இருமவில்லை. பஸ்தியான்